நூறு மைக்ரான்

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபின் நான்கு மணி நேரம்
யாரும் அதைத் திறக்கக் கூடாது.
மூடியில் நேரத்தை எழுதிவைக்கிறாள் யாதிரா,
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோட்டோடு.
டப்பாவுக்குள் சாம்பல் நிறப் பசை:
வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி, பேருக்குச் செம்பு,
கண்ணுக்குத் தனித்தனியாய்த் தெரியாத உருண்டைகள்.

வெளியே சபோபானில் ஜூலை மழை.
மூன்றாம் வரிசையில் இரவு வேலை.
ஓடிக்கொண்டிருப்பது
மருத்துவமனைப் பம்புக்கான பலகை;
சொட்டுச் சொட்டாய் மருந்தை எண்ணி இறக்குவது.

ஸ்டென்சில் நான் வரைந்தது.
நூறு மைக்ரான் எஃகுத் தகடு,
லேசர் வெட்டிய மூவாயிரத்துச் சொச்சம் வாசல்கள்.
பெரிய திண்டுக்கு ஒரே வாசல் வைத்தால்
சில்லு பசையில் மிதக்கும்,
அதனால் குறுக்கே கம்பி விட்டு ஜன்னலாக்கினேன்.
வாசல் குறுகிப்போனாலோ
பசைக்குச் சுவர்தான் சொந்தம், பலகை அந்நியம்;
தகடு எழும்பும்போது அதுவும் கூடவே எழும்பிவிடும்.
வாயின் பரப்பைச் சுவரின் பரப்பால் வகுத்து
அறுபத்தாறு சதவீதத்துக்குக் கீழே
ஒன்றையும் விடவில்லை நான்.
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமைகளிலும் பார்த்தேன்.

அப்படியிருந்தும் ஏழாம் சில்லில் பாலம்.
பக்கத்துப் பக்கத்துக் கால்கள்
பசையால் கைகோத்து நின்றன.
அளக்கும் கேமரா சொன்னது: நூற்று நாற்பது சதவீதம்.

பத்தொன்பது நாள்.
அலகின் அழுத்தத்தைக் குறைத்தேன்,
வேகத்தைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன்.
பத்துப் பலகைக்கு ஒரு துடைப்பை
ஐந்துக்கு ஒன்றாக்கினேன்.
பசை விற்றவர் மழையைக் காட்டினார்,
ஈரப்பதமாம்.
மேலாளர் ஆர்குயேயெஸ் பசை விற்றவரைக் காட்டினார்.
நான் என் வாசல்களையே சந்தேகித்து
பத்து சதவீதம் சுருக்கி
மான்டெரேயில் புதுத் தகட்டுக்குச் சொல்லியனுப்பினேன்.

அன்று அதிகாலை மூன்றேகால்.
சாப்பாட்டுக்குப் போகும் வழியில்
வெற்றுப் பலகை ஒன்றை எடுத்தாள் யாதிரா.
விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து
கையுறையைக் கழற்றி
நகத்தை மெல்ல இழுத்துப் போனாள்.
ஏழாம் சில்லுக்குப் பக்கத்தில்
நகம் தடுக்கியது.

"இன்ஹே, இது எப்போது இங்கே வந்தது?"

மஞ்சள் சீட்டு.
கோடுகளும் எண்ணும் அச்சிட்ட, விரல்நகம் அளவுச் சீட்டு.
எண்பது மைக்ரான் கனம்.
செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி
தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது;
அந்த இடைவெளியில் இருந்த பாவத்துக்கு
பசை வழிந்து உட்கார்ந்தது, அவ்வளவே.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.
போன மாதம், தரக் கட்டுப்பாட்டின் மாற்றக் குறிப்பு:
'பழுதான பலகைகளைத் தேடிப் பிடிக்க வசதியாக
சீட்டைப் பலகையின் நடுப்பக்கம் நகர்த்தவும்.'
கீழே கையெழுத்து என்னுடையது.
படித்துவிட்டுத்தான் போட்டேன்.

உரித்தோம். பத்துப் பலகை ஓட்டினோம்.
தொண்ணூற்றெட்டு. நூற்றிரண்டு. தொண்ணூற்றொன்பது.
கேமராவுக்கு முன்னால் நான் நின்றுகொண்டே இருந்தேன்.
யாதிரா போய்விட்டிருந்தாள்,
சாஸில் முக்கிய ரொட்டி ஆறிப்போகுமென்று.
திரும்பி வந்தவள்
நேரம் கடந்த டப்பாவைக் கழிவில் போட்டு
அடுத்ததன் மூடியில் எழுதினாள்,
ஏழுக்குக் குறுக்குக் கோட்டோடு.

புதுத் தகடு வியாழக்கிழமை வந்தது.
பெட்டியைப் பிரிக்காமல் அடுக்கில் செருகிவைத்திருக்கிறேன்.
யாராவது கேட்டால்
மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும் என்பேன்.
யாதிரா கேட்கவில்லை.
பெட்டிமேல் ஒட்டியிருந்த விலாசச் சீட்டின் ஓரத்தை மட்டும்
நகத்தால் ஒருமுறை நெருடிப் பார்த்துவிட்டு
வரிசைக்குப் போனாள்.