செல்லும்

நோர்வூட்டில் மேடு சரிந்து பாதை மூடிய அன்று
ஹட்டனிலிருந்து நொத்தாரிசு வரவில்லை.
பரிபூரணம் காத்திருக்கிற நிலையில் இல்லை.
இனி வரவேண்டாம் என்பதை
மகரகமையில் மரியாதையாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மண்சரிவுக்குப் பயந்து லயத்துச் சனமெல்லாம் ஸ்கூலில்.
இவளைத் தூக்கிப்போக வந்தவர்கள் நாலு பேர்:
மரியநேசம் டீச்சர், பேக்கரி அஸ்வர் நானா,
பால் எடுக்கும் சோமதாச, வேன் ஓட்டும் கிங்ஸ்லி.
தூக்க நாலு பேர் போதும்.
நொத்தாரிசு இல்லாமல் மரணசாசனம் எழுத
ஐந்து பேர் வேண்டும்;
ஒரே நேரத்தில், ஒரே அறையில்,
அவள் கை போடுவதைப் பார்த்துத் தாங்களும் போடவேண்டும்.
மூன்று வருடம் லோயர் ஆபீசில் டைப் அடித்தவள் நான்.

டீச்சர் எழுதினார்.
முப்பத்தொரு வருடம் பிள்ளைக்காம்பராவில்
ஊரார் பிள்ளைகளுக்குத் தொட்டிலாட்டியவள்
முதலில் லயத்துக் காம்பராவைச் சொன்னாள்.
அது தோட்டத்துடையது, எழுத முடியாது என்றேன்.
"அப்பா செத்ததும் இதிலதான். நான் சாகப்போறதும் இதிலதான்."
ஆனாலும் எழுத முடியாது.
வாசலில் வைத்த கொய்யாமரத்தைச் சொன்னாள்.
அதன் வேரும் தோட்டத்துடையது.
தகரத்தில் மழை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு, உறுதி கிடைத்த ஏழு பேர்ச் யசோதினிக்கு.
சேமலாபக் காசில் மிஞ்சிய பேங்க் புத்தகமும்.
அடகில் கிடக்கும் தோடு, மீட்டால், அதுவும்.

யசோதினிக்குப் பதினான்கு வயது.
ஒரு சாயந்தரம் எல்லாப் பிள்ளைகளையும்
தாய்மார் தூக்கிப்போன பிறகு மிஞ்சியவள்.
வளர்த்ததற்குக் கடுதாசி இல்லை.
எழுதாமல் இவள் கண்ணை மூடினால்
சட்டத்துக்கு அந்தப் பிள்ளை அடுத்த வீட்டுப் பூனை;
எல்லாம் வத்தளையில் இருக்கும் அண்ணன் மகனுக்கு.

கடைசி வரி: செவலைப் பசு,
புல்லறுத்துப் போட்டவளுக்கு.
டீச்சர் என் பெயரை எழுதிவிட்டு
என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஐந்தாவது ஆள் தபால்கார ஞானப்பிரகாசம்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்.
மிச்சம் நான்தான்.

சாட்சிக்கு எழுதிய சொத்து சாட்சிக்குச் சேராது.
அந்த ஒரு வரி செத்துப்போகும், மற்றதெல்லாம் நிற்கும்.
இதையும் டைப் அடித்திருக்கிறேன்,
கார்பன் வைத்து, மூன்று பிரதி.

"நீ போட்டா செல்லுமா?" என்றாள்.
"செல்லும்" என்றேன்.

பிறகு நீதிமன்றம்.
மனு, சத்தியக் கடதாசி, பத்திரிகையில் அறிவித்தல்,
ஆட்சேபம் உண்டா என்று தவணைமேல் தவணை.
நிறைவேற்றுநர் டீச்சர், எல்லாத் தவணைக்கும் அதே நீலச் சேலை.
பதினாறு மாதம்.
பசுவுக்குத் தவணை தெரியாது,
இரண்டு வேளையும் மடி கட்டியது.
கறந்த பாலுக்குக் கொப்பியில் கணக்கு வைத்தேன்,
மரணச் சொத்தின் வருமானம் என்று தலைப்பிட்டு.
சோமதாச விழுந்து விழுந்து சிரித்தான்.

நீதிபதி தாளைத் திருப்பினார், நிமிர்ந்தார்.
இது உங்கள் கையெழுத்தா?
தெரிந்துதான் போட்டீர்களா?
மொழிபெயர்ப்பாளர் முடிக்குமுன்பே தலையாட்டினேன்.

அண்ணன் மகன் லொறியோடு வந்தான்.
பலகையில் ஏறமாட்டேன் என்று நின்ற செவலை
அவன் சப்பாத்தில் மூத்திரம் பெய்தது.
விலை பேசினோம்.
மாதம் மூவாயிரம், இருபத்திரண்டு மாதம்,
முத்திரை ஒட்டி ரசீது.

போன கிழமை கடைசிக் காசு.
பேனா தீர்ந்து பாதிக் கையெழுத்து மங்கலாய் விழ,
"இது செல்லுந்தானே அக்கா?" என்று கேட்டான்.

கீழே ஏழு பேர்ச்சில்
யசோதினி மூலைக்கு மூலை குச்சி நட்டு
அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தாள்.
செவலையின் பழைய கயிறு.
நடுவில் ஒரு முடிச்சு, அவிழவில்லை,
அதோடேயே அளந்தாள்.