நெஞ்சு மட்டத்தில் பிளக்

"தண்ணி வராது" என்றார் சோமதாச முதலாளி,
சாவியை விரலில் சுழற்றியபடி.
வெல்லம்பிட்டியில் இந்தக் காசுக்கு
இரண்டு அறை, டைல்ஸ் பதித்த குசினி.
நான் சுவரைப் பார்த்தேன்.
பிளக்குகள் எல்லாம் என் நெஞ்சு மட்டத்தில் இருந்தன.

புதுப் பெயின்ற், முட்டைக்கோது நிறம்.
அலுமாரிக்குப் பின்னே தூரிகை எட்டாத இடத்தில்
ஒரு பழுப்புக் கோடு,
கழுவாத தேத்தண்ணிக் கோப்பையில் இருப்பதுபோல.
முந்தின வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திய பிளக்கை
அடுத்த வெள்ளம்
நாலு விரல் தாண்டிப் போயிருந்தது.

அவர் கண்ணும் அங்கே போய் வந்தது.
அட்வான்சில் பத்தாயிரம் குறைத்தார்.
கையெழுத்து வைத்தேன்.
மேட்டு நிலத்துக்கு
மேட்டு நிலத்து வாடகை.

கிராம சேவகர் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்.
தமிழ்ப் பக்கத்தில்,
"வெல்லம் வருமுன் ஆயத்தமாகுங்கள்."
கிருஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.
"அம்மா, தேங்காய் துருவி வைப்பமா?"
நானும் சிரித்தேன்,
சிரித்துக்கொண்டே காஸ் சிலிண்டரை
ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டினேன்.
நிறைந்த சிலிண்டர்கூட மிதக்குமாம்.
பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி
(காணி வவுனியாவில், காடு பத்திக் கிடக்கிறது)
எல்லாம் அப்பம் சுற்றும் லஞ்ச் ஷீற்றுக்குள்.

கஷ்டமான வேலை ஒன்று மிச்சம் இருந்தது.
மாசி மாதத்து வெயிலில்,
தரை வெடித்துக் கிடக்கும்போது,
மேல்வீட்டுக் கதவைத் தட்டி
"உங்கட மாடிப்படியில எனக்கு அஞ்சு படி வேணும்"
என்று கேட்பது.
ரிபாயா தையல் மெஷினை நிறுத்தவேயில்லை.
"அஞ்சு படி தண்ணிக்கு.
நீங்க ஆறாவதிலிருந்து எடுங்க."

வைகாசியில் வந்தது.
கொழும்பில் அன்றைக்கு நல்ல வெயில்,
கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது.
மழை வேறெங்கோ பெய்தது, தெரணியகலையில்,
எங்களுக்குப் பெயர் தெரியாத தேயிலை மலைகளில்.
ஆறு அதைச் சுமந்துகொண்டு
ஒன்றரை நாள் நடந்து வந்தது.
நாகலகம் வீதியில் ஐந்தே முக்கால் அடி என்றது போன்.
நேசராஜா ஓட்டோவை
ஒருகொடவத்தைப் பாலத்தில் ஏற்றிவிடப் போனார்,
அங்கே ஏற்கனவே நாற்பது ஓட்டோக்கள்
கோயில் வரிசைபோல நின்றனவாம்.

மெயின் சுவிட்சைக் கிருஷிகா அணைத்தாள்.
அது அவள் வேலை என்று சொல்லியிருந்தோம்,
தவறவிடவில்லை.
நான்தான் தவறவிட்டேன்.
கட்டிலின் கீழே அவளுடைய சங்கீதப் பரீட்சைக் கொப்பி.
எல்லாவற்றையும் எண்ணினேன்,
அதை எண்ணவில்லை.

தண்ணி சத்தமே போடாமல் வந்தது.
கதவின் கீழாக அல்ல,
முதலில் கக்கூஸ் குழியால்.
மூன்றாவது படியில் நின்றது,
இரண்டு இரவு.
ஆறாவது படியில் நான்,
ஏழாவதில் அரிசிப் பேணி,
எட்டாவதில் நித்திரையில் கிருஷிகா,
அதற்கு மேலே
இருட்டிலும் யாருக்கோ பொத்தான் தைக்கும் ரிபாயா.

வடிந்தபின் சோமதாச முதலாளி வந்தார்,
பெயின்ற் வாளி, அதே முட்டைக்கோது நிறம்.
கொஞ்சம் வெட்கத்தோடு.
நான் எதுவும் சொல்லவில்லை,
அவருக்கும் இந்த வீட்டை விட்டால் வேறில்லை.
பருப்புக்குள் இன்னும் ஆற்றின் மணம் இருக்கிறது.

ஆனால் அலுமாரிக்குப் பின்னே,
பழைய கோட்டுக்கு ஒரு முழம் கீழே,
கிருஷிகா மார்க்கரால் புதிதாய் ஒன்று கீறி
அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறாள்,
அடுத்து இந்தச் சாவியை வாங்கப்போகிறவள்
பிளக்கைப் பார்க்கத் தெரியாதவளாக இருந்தால்
வாசிக்கட்டும் என்று:

வெல்லம் இதுவரை.
மேலே ரிபாயா அன்ரியிடம்
வெயில் காலத்திலேயே கேட்கவும்.