ஒரே பக்கத்தில்

சஸ்கட்டூனில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, வேளாண் கட்டடத்தின் நூற்று நான்காம் அறையில்
நாற்காலிகளை இரண்டிரண்டாக
எதிரெதிரே போட்டிருந்தார்கள்.

ஆய்வு மாணவர்களுக்கான வேலைத் தயாரிப்பு வகுப்பு.
மதிய உணவு உண்டு என்று போட்டிருந்ததால்
நான் வந்தேன்.

"உங்களிடம் இருப்பதை ஒரு பக்கமாக்குங்கள்"
என்றார் மர்லீன் ஃபெடோருக்.
என்னிடம் பதினொரு பக்கம்.
நாற்பது ஆண்டு ரயில் சரக்குக் கட்டணத்தைக்
கரைத்துக் குடித்தவன் நான்.
என் கட்டுரையை முழுதாகப் படித்தவர்கள் மூன்று பேர்,
அதில் ஒருவர் என் நெறியாளர்,
இன்னொருவர் நான்.

சொற்களை மாற்றச் சொன்னார்.
யாரும் கேட்காமல் ஒரு வருஷம் அலைந்ததற்குப் பெயர்
சுயமாக இயங்கும் திறன்.
நிதி நின்றபோதும் நிற்காததற்குப் பெயர்
நெருக்கடியில் நிதானம்.
எழுதிப் பார்த்தேன்.
யாரோ ஒரு நல்ல மனிதர் தெரிந்தார் அந்தத் தாளில்,
எனக்கு அறிமுகமில்லாதவர்.

எனக்கு வாய்த்த இணை டெல்ஃபீன் லரோக்.
பருப்புச் செடியின் வேரழுகலோடு நாலரை வருஷம்.
முதலில் நான் முதலாளி.
மேசையில் கிடந்த பொது டையை மாட்டிக்கொண்டு
தாளைப் பார்த்துக் கேட்டேன்:
"உங்கள் தோல்வி ஒன்றைச் சொல்லுங்கள்."
(சிறிய தோல்வியாக இருக்கட்டும்,
முடிவில் புன்னகைக்கவும்
என்று கீழே குறிப்பு.)

அவள் புன்னகைக்கவில்லை.

"மூன்றாம் வருஷம், ஈஸ்டர் விடுமுறை.
உறைபெட்டி நின்றுவிட்டது.
நானூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள்.
கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர்.
நான் அழவில்லை, துடைப்பம் தேடினேன்.
துடைத்து முடித்து அங்கேயே உட்கார்ந்து
ஒவ்வொரு குப்பியாக முகர்ந்தேன்.
எது நேற்று உருகியது, எது அதற்கு முன்பு,
வாசனையே சொன்னது.
முப்பத்தெட்டு தப்பின.
என் ஆய்வேடு நிற்பது அந்த முப்பத்தெட்டில்.
என்ன கற்றேன் என்று தெரியவில்லை.
ஆனால் இப்போது எந்த அறைக்குள் போனாலும்
மோட்டார் ஓடுகிறதா என்று
காது முதலில் பார்த்துவிடுகிறது."

என் அடுத்த கேள்வி
ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள் என்பது.
கேட்கவில்லை.

டையைக் கழற்றிக் கொடுத்தேன்.
அவள் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
"வேலை கிடைத்துவிட்டது என்று வையுங்கள்.
திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.
என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

வயிற்றில் புளியைக் கரைத்தது.
கதவில் என் பெயர்ப்பலகையை
எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.
அந்தக் கதவைத் திறந்து
ஒருநாளும் உள்ளே போனதில்லை.
போன வருஷம் என் துறைக்கு
நாடு முழுக்க இரண்டு விளம்பரம்.
ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

"ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைத் திறப்பேன்"
என்றேன், மெதுவாக.
"இரண்டு கூட்டல் ஒத்துப்போகாத இடத்தில் நிற்பேன்.
யார் எதை மறைத்தார்கள் என்று
தெரியும்வரை சாப்பிடப் போகமாட்டேன்."

"அதற்குச் சம்பளம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்."

"யார்?"

"எனக்கெப்படித் தெரியும்,
நான் மூன்று நிமிஷ முதலாளி."

மணி அடித்தது.
மதிய உணவு பருப்பு சூப்.
அவள் கரண்டியில் ஒரு மணியை ஏந்தி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.
பிறகு தன் ஒற்றைப் பக்கத்தில்
'குழுப்பணி' என்ற சொல்லை அடித்து
மேலே எழுதினாள்:
மோட்டார் நின்றால் எனக்குத் தெரியும்.

மர்லீன் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்.
நீக்கவா, வைத்துக்கொள்ளவா என்று
கேட்டுவிட்டு வருவதாகப் போனாள் டெல்ஃபீன்.
என் பேருந்து வந்துவிட்டது.

கையுறையோடு பக்கம் புரட்ட வரவில்லை.
ஒன்றைக் கழற்றினேன்.
பதினொன்றில் எதை எடுப்பது என்று
விரல் மரக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்,
இரண்டு நிறுத்தம் தாண்டிப்போய்விட்டது.