எடைச்சீட்டு

தாழையூத்து எடைமேடையில்
பதினேழு வருஷமாகச் சீட்டுப் போடுகிறேன்.
பார வண்டி, காலி வண்டி, கழித்தால் சுண்ணாம்புக்கல்.
சீட்டில்லாமல் ஒரு கூடை கேட்டைத் தாண்டியதில்லை.

என் எலும்பிலிருந்து போனதற்கு மட்டும்
யாரும் சீட்டுப் போடவில்லை.

முதல் கல் ஒரு சித்திரையில்.
"தண்ணி குடியும் வே" என்றார்கள். குடித்தேன்.
இரண்டாவதற்கு வாழைத்தண்டுச் சாறு.
மூன்றாவதைக் குழாய் விட்டு உடைத்தார்கள்.
"குவாரிக்காரருக்கு உள்ளயும் குவாரி"
லோடுமேன் சொரிமுத்து சிரித்தான்.
நானும் சிரித்தேன், விலாவைப் பிடித்தபடி.

பிறகு நாற்காலியை விட்டெழ மேசை வேண்டியிருந்தது.
மூன்று நாளைக்கொருமுறை கக்கூஸ்.
வண்டி நம்பர் எழுதுகையில் பாதியில் மறக்கும்.
பிரம்மசக்தி ஒரு ராத்திரி கேட்டாள்:
"எம்மேல எதுவும் கோவமா?"
இல்லையென்று சொல்லவும் அலுப்பாயிருந்தது.

பைக்குக்கு ஸ்டாண்டு போட்டபோது மணிக்கட்டு ஒடிந்தது.
விழவில்லை. வெறும் ஸ்டாண்டு.

ஹைகிரவுண்டில் டாக்டர் ஹெப்சிபா
எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நீட்டிப் பிடித்து
வெகுநேரம் பேசவில்லை.
"இதுக்கு முன்னால கல் எத்தன தடவ?"
கையையும் கல்லையும் சேர்த்து
அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ரத்தத்தில் சுண்ணாம்பு பன்னிரண்டே முக்கால்.
பத்தரையைத் தாண்டக் கூடாதாம்.
ஓவர்லோடு. அது எனக்குத் தெரிந்த வார்த்தை.

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால்,
அரிசி அரிசியாக நாலு சுரப்பி.
ஒன்று வீங்கி மேஸ்திரியாகிவிட்டது,
ராவும் பகலும் எலும்பில் ஆள் இறக்கி
வெட்டு வெட்டு என்கிறது.
"புத்தா டாக்டர்?"
"பெரும்பாலும் இருக்காது. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

மதுரையில் நரம்பில் மருந்தேற்றிப் படமெடுத்தார்கள்.
மற்றதெல்லாம் மங்கியும் மங்காமல்
இடது கீழே ஒரு புள்ளி,
ஷிப்டு முடிந்தும் அணைக்காத ஷெட் விளக்கு.

கையெழுத்து வாங்கும்போது சொன்னார்கள்,
பக்கத்திலேயே குரலுக்குப் போகிற நரம்பு. நூல் கனம்.
அன்றிரவு அவளிடம் நிறையப் பேசினேன்:
பால் பாக்கி, ரேஷன் கார்டு,
கோபமில்லை என்பது.

கழுத்து மடிப்பில் இரண்டு விரற்கடைக் கீறல்.
கட்டியை எடுத்ததும் தைத்துவிடவில்லையாம்.
பத்து நிமிஷம் கழித்து உறிஞ்சிய ரத்தத்தில்
அந்தச் சுரப்பு பாதிக்குக் கீழே இறங்கியதாவென்று
காத்திருந்து பார்த்தார்கள்.
அங்கேயும் கழித்தல்தான்.

கண் திறந்ததும் பெயர் கேட்டார்கள்.
"ஆத்தியப்பன்."
கரகரத்தது. என் குரல்தான்.

மறுநாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது,
விரல் நுனியிலும். பயந்து மணியடித்தேன்.
"எலும்புக்குப் பசி" என்று நர்ஸ் நீட்டிய மாத்திரை
சாக்பீஸ் ருசி.

ஒரு வாரம் பொறுத்துக் காகிதம் வந்தது.
புற்று இல்லை. எடை இரண்டே கால் கிராம்.
எங்கள் மேடை இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் காட்டாது.
சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன்,
சீட்டை.