இரண்டு முறை

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு
டர்பன் கடற்கரையில் கிண்ணம் காலியாக இருக்கும்.
கிண்ணம் என்றால் கான்கிரீட் பள்ளம்.
இரவுக் காற்று அதில் மணலை அள்ளிப் போட்டிருக்கும்.
கெருஷன் முதலில் பெருக்குவான்.
துடைப்பம் வீட்டிலிருந்து வருகிறது.
பெருக்காமல் பலகை இறங்காது.

காவடி மேளத்துக்குக் காதைப் பொத்துகிறவன்,
குக்கர் விசிலுக்கு மேசைக்கடியில் போகிறவன்.
சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் வழியெல்லாம்
டாக்சி ஹாரன்களுக்கு என் முழங்கையைப் பிடித்திருப்பான்.
இந்தச் சக்கரங்களோ
கல்லைக் கல்லில் அரைப்பதுபோல் இரைகின்றன.
எப்படியடா தாங்குகிறாய் என்று கேட்டேன்.
நான்கு நாள் கழித்து, பல் தேய்க்கும்போது பதில் வந்தது:
"அது நான் போடுற சத்தம்."

கண்ணைப் பார்த்துப் பேசு, கண்ணைப் பார்த்துப் பேசு
என்பாள் பயிற்சி கொடுக்கும் பெண்.
இங்கே யாரும் யார் கண்ணையும் பார்ப்பதில்லை.
விளிம்பைப் பார்க்கிறார்கள்,
முன்னால் போகிறவனின் சக்கரத்தை.
வரிசை உண்டு; அதை யாரும் சொல்லித் தருவதில்லை.
பத்து வாரம் வேலியோரம் நின்று
அவனே எண்ணிக் கண்டுபிடித்தான்.

விழுந்தான்.
எத்தனை முறை என்று அவனையே கேளுங்கள்:
நானூற்றுப் பதினொன்று.
மணிக்கட்டு வீங்கிய இரவு
நாத்தனார் பிரேமிலா கேட்டாள்,
ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?
நான் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.
குணமாகட்டும் என்று கூட்டிப் போகவில்லை, பிரேமிலா.
அன்று அவன் வலித்ததற்கு அழுதான்.
காரணம் தெரிந்த அழுகை
எங்கள் வீட்டுக்குப் புதிது.

நானூற்றுப் பன்னிரண்டு வரவில்லை.
இறங்கினான், மறுகரை ஏறினான்,
திரும்பி வந்து நின்றான். நின்றேவிட்டான்.
சனேலே, தாடிக்கார ருவான்,
ஒரு கால்சட்டை கிழிந்த சிறுமி,
யாரும் கைதட்டவில்லை.
பலகையின் வாலைத் தரையில் தட்டினார்கள்.
டக். டக்.
இங்கே சபாஷ் அப்படித்தான்.
அவன் காதைப் பொத்தவில்லை.

அன்று மாலை எங்கள் தெருச் சரிவில்
பக்கத்து வீட்டு வேனுக்கும் சுவருக்கும் நடுவே
பின்பக்கமாகவே காரை நுழைத்து நிறுத்தினேன்,
ஒரே மூச்சில், கண்ணாடி உரசாமல்.
இறங்கினேன்.
அவன் வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பலகையின் வால் தரையைத் தொட்டது.
டக். டக்.

எங்கள் தெருவில்
காரைப் பூட்டாமல் யாரும் உள்ளே போவதில்லை.
அன்று நான் போனேன்.