தூண்டில் ழகரம்

கடலூர் முதுநகர் குடிநீர்ப் பிரிவில்
தபால் பிரிப்பது என் வேலை.
கையெழுத்தில்லாத மனுவுக்கு
எண் போடக் கூடாது என்பது விதி.
கிழித்துப் போடவும் விதியில்லை.
ஆகவே என் மேசையின் கடைசி இழுப்பறை
மொட்டைக் கடுதாசிகளால் வீங்கி
மூட மறுக்கிறது.

ஆடியில் வந்தது அது.
நோட்டிலிருந்து பிய்த்த தாள். பச்சை மை,
அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய பச்சை.
"உப்புக்கிடங்குச் சந்து, மூன்றாம் மதகு.
குடிநீர்க் குழாய்மேல் சாக்கடை நிற்கிறது.
பிள்ளைகள் வாந்தி எடுப்பது அதனால்தான்."
அவ்வளவே. ஒரு வணக்கம்கூட இல்லை.

அதே கட்டில் இன்னொன்று:
கெட்டித் தாள், அச்சிட்ட பெயர்,
பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிகளாய்ப் பட்டங்கள்.
தண்ணீரில் குறையில்லை,
பள்ளி வாசல் குச்சி ஐஸ்தான் காரணம் என்றார் டாக்டர்.
மாலைக்குள் எண் விழுந்தது.
மறுநாள் காசிலிங்கத்தின் ஐஸ் வண்டிக்குச்
சங்கிலி விழுந்தது.

பச்சை மையை இழுப்பறைக்குள் திணிக்கும்போது
'குழாய்' என்ற சொல்லில் கண் மாட்டிக்கொண்டது.
அந்த ழகரத்தின் வால்
கொடுவாய்க்குப் போடும் தூண்டில் முள்ளாக
மேல்நோக்கி வளைந்திருந்தது.
எனக்குத் தெரியும் அந்த முள்ளை.
எங்கள் வீட்டுச் சீட்டுப் புத்தகத்தில்
பதினோரு பக்கங்களில் இருக்கிறது:
"வெள்ளிக்கிழமை தருகிறேன். தனகோட்டி."

அறுபத்திரண்டாயிரம்.
என் காதில் இன்றும் கவரிங்.
அவன் மணி பத்து என்றால்
வெளியே போய் வெயிலைப் பார்ப்பேன்.

மதகு அவனிடம் சீட்டுப் போட்டதா,
சாக்கடைக்கு அவன் யாரென்று தெரியுமா
என்றெல்லாம் அன்று நான் யோசித்ததாகச்
சொல்லிக்கொள்ள ஆசைதான்.
அதெல்லாம் பிறகு சேர்த்தது.
அன்று இருந்தது கோபம்.
இதிலும் அவன் பொய்யன் என்று
நிரூபித்துவிடத்தான்
ஃபிட்டர் சம்மனசை அழைத்துக்கொண்டு போனேன்.

கடைசி வீட்டுக் குழாயில் குப்பியை நிரப்பி
மருந்து இரண்டு சொட்டு விட்டார்.
மஞ்சளாக வேண்டும்.
ஆகவில்லை.
ஒன்றும் தெரியாதது போல் நின்றது தண்ணீர்.
மதகடியில் மண்வெட்டி இறங்கியபோது
முதலில் நாற்றம் வந்தது,
குழாய் பிறகுதான்.
"யாரோ சரியாச் சொல்லியிருக்காங்க அக்கா."
நான் பல்லைக் கடித்துக்கொண்டு
வெயிலைப் பார்த்தேன்.

காசிலிங்கத்தின் சங்கிலியை அவிழ்க்க
எவரும் உத்தரவு போடவில்லை.
டாக்டரின் மனுவுக்குத்தான் எண் இருக்கிறதே.

ஐப்பசியில் அடுத்தது.
"கெடிலக்கரை மேல்நிலைத் தொட்டியில் விரிசல்.
இந்த மழைக்குத் தாங்காது."
அதே பச்சை, அதே முள்.
இம்முறை நான் ஏணி கேட்கவில்லை.
மதகைச் சரியாகச் சொன்னவன் ஆயிற்றே!
அதிகாரியின் அறையில் நானே வாதாடினேன்,
தனகோட்டிக்காக, நான்.
ஒரு லட்சம் லிட்டரைத் திறந்து
ஆற்றில் விட்டோம்.
விரிசல் இல்லை.
பெயிண்ட் உரிந்த கோடு.

மூன்று நாள் அலுவலக வாசலில் குடங்கள்.
இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி கத்தினாள்:
"எவன் சொன்னான்னு திறந்தீங்க?"

எவன் சொன்னான் என்றுதான் திறந்தேன், தாயே.
என்ன சொன்னான் என்று பார்த்திருந்தால்
ஓர் ஏணி போதும்.

இன்று மூன்றாவது கடிதம்.
ழகரத்தைப் பார்க்காமல் படிக்க
இன்னும் எனக்கு வரவில்லை.
கட்டைவிரலால் அதை மூடிக்கொள்கிறேன்:
வண்டிப்பாளையம், மோட்டார் அறைக்குப் பின்னால்,
நாலடி ஆ   ம்.

சம்மனசு வண்டியைக் கிளப்பிவிட்டார்.
குப்பி, மருந்து, மண்வெட்டி,
இரவல் வாங்கிய ஏணி.
கதவோரக் காலண்டரில்
கிழமை கண்ணில் படுகிறது: வெள்ளி.

பணம் இன்றும் வராது.
மதகு வேறு, அது வேறு.