ஆள் கணக்கு

வேன் நின்றதும் எண்ணிவிடுவேன்.
இன்றைக்குப் பதினொரு பேர்.
தலைக்கு முந்நூறு, மோர் சேர்த்து.
செருப்பைக் கழற்றாதீங்க, முள் கிடக்கும்
என்பது என் முதல் வாசகம்.
ஊர்ப் பெயரே முள்ளில்தான் தொடங்குகிறது:
பழ வேல் காடு.

ஏரியில் பெரும்பங்கு ஆந்திராவுக்கு.
அக்கரைக்காரர் ப்ரளய காவேரி என்பார்.
கப்பலில் வந்தவன் காதில் விழுந்ததை
பாலியக்காட்டா என்று எழுதிக்கொண்டான்.
இறால்காரி தமிழில் கூவித் தெலுங்கில் பேரம் முடிப்பாள்.
எங்கள் தெருவில் ஒரு காலம்
கலியாணக் கடுதாசியைத் தமிழில் யோசித்து
அரபு எழுத்தில் எழுதினார்கள்.

பள்ளிவாசலில் நிழல் பார்த்து நேரம் சொல்லும் கல்.
பெருமாள் கோயில் விதானத்தில்
கட்டைவிரல் அளவு ராமன், அதைவிடச் சின்ன வில்.
மாதா கோயிலில் மெழுகு வாசனை.
பிறகு கோட்டை.
கோட்டை என்று நான் காட்டுவது ஒரு மேடு,
மேல் முழுக்கப் புதர்.
அங்கேதான் மோர்.

கடைசியாக ஒல்லாந்தர் கல்லறை.
வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள்.
கடன்காரன், ஜாமீன்காரன் என்று
தெருப் பிள்ளைகள் பெயர் வைத்திருக்கிறார்கள்.
இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.
சிரித்தார்கள். உள்ளே போய் எண்ணினேன்.
பத்து.

ஷாண்டெல் வெளியிலேயே நின்றிருந்தாள்,
கேப் டவுனிலிருந்து வந்தவள்.
கையில் நகல் எடுத்த ஒரு தாள்.
ஏழு கட்டு வெள்ளைத் துணி,
நான்கு கட்டுச் சாயத் துணி,
ஆண் முப்பத்தொன்று,
பெண் பத்தொன்பது,
பால்குடி இரண்டு.
எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே மை.
ஓரத்தில் அங்கே போய் வைத்த பெயர் ஒன்று:
ரோசா, பாலியக்காட்டாக்காரி.
எங்கள் வம்சத்தில் இவளுக்கு மேலே யாரும் இல்லை என்றாள்.
உள்ளே இருப்பவர்கள் விற்றவர்கள்.
ஏற்றப்பட்டவர்களுக்கு எந்த இடம்?

என் உரையில் துணி உண்டு, மிளகு உண்டு,
வெடிமருந்துகூட உண்டு.
ஆட்களுக்கு ஒரு வரி வைத்திருக்கிறேன்.
அதை மோர் ஊற்றும்போது சொல்வேன்,
தம்ளர் சத்தத்தில்.

படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன்.
அது என் நிறுத்தங்களில் இல்லை.
போலையா வலையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்.
பெரிய கப்பல் உள்ளே வராதும்மா, என்றார்.
வெளியே நிற்கும். இங்கேயிருந்து
சின்னப் படகிலேதான் கொண்டுபோயிருக்கணும்.
ஓட்டியது யார் என்று கேட்டாள்.
நண்டின் ஒரு கால் ஒடிந்தது.
எங்க ஆளுங்கதான், வேற யாருக்கு இந்தத் தண்ணி தெரியும்?

விலை பேசியது யார் என்று
அவள் கேட்கவில்லை.
ஆனால் நான் நின்று யோசித்தேன்.
ஒல்லாந்தனுக்குத் தமிழ் தெரியாது.
பசித்தவளுக்கு ஒல்லாந்து தெரியாது.
நடுவில் ஒருவர் நின்றிருப்பார்,
இரண்டு பக்கமும் இனிமையாகப் பேசி,
வெயிலுக்குத் துணி போட்டுக்கொண்டு,
தலைக்கு இவ்வளவு என்று.

என் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

ரோசா என்ன பாஷை பேசியிருப்பாள்?
தெரியாது. பஞ்சம் இரண்டு கரையிலும் இருந்தது.
ஒரு சொல்லாவது, நிச்சயமாக அவள் வாயில் இருந்த
ஒரே ஒரு சொல்?
நான் தமிழில் தேடினேன்,
போலையா தெலுங்கில் தேடினார்.
தண்ணீர், அம்மா, உப்பு,
ஒவ்வொன்றாக அவரும் நானும் கழித்துக்கொண்டு வந்தோம்.
அம்மாவை விட்டுவிடலாம் என்றார், அது எல்லாருக்கும் உண்டு.
ஒன்று, ஒகட்டி. ஒத்துவரவில்லை.
ரெண்டு.
ரெண்டு, என்றார் அவரும்.

அவள் சொல்லிப் பார்த்தாள்.
ண வரவில்லை.
நான்காவது முறை வந்தது.
பால்குடி வரியில் விரலை வைத்து
இன்னொரு தரம் சொன்னாள்.

சென்னைக்காரர் ஒருவர் வந்து
பூநாரை எப்போது காட்டுவீர்கள் என்று கேட்டார்.

திரும்பும்போது வழக்கம்போலக் கதவருகே நின்றேன்.
நீட்டிய விரலைப் பாதியில் மடக்கி
கண்ணால் மட்டும் எண்ணினேன்.
பதினொன்று. சரியாக இருந்தது.
டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:
என்ன சபுராக்கா, எல்லாரையும் ஏத்தியாச்சா?